மின்சுற்றுக் கணிப்பு: ஸ்பைஸும் மேட்லேபும்

மின்சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கட்டும் முன்பே கணினியில் அறிய இருவகை மென்பொருள்கள் உள்ளன. மின்சுற்றுக்கென்றே அமைந்த முதல் வகைக்குச் சான்று ஸ்பைஸ். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், டொனால்டு பெடர்சன் வழிகாட்டலில் லாரன்ஸ் நாகல் உருவாக்கியது, 1973-இல் வெளிவந்தது. எந்த உறுப்பு எந்தக் கணுவோடு இணைகிறது என்று எழுதித் தந்தால் போதும். கிர்க்காஃப் விதிப்படி சமன்பாடுகளை அதுவே அமைக்கும். டையோடு, டிரான்சிஸ்டர் போன்ற நேரிலா உறுப்புகளுக்கு நியூட்டன்–ராப்சன் முறையில் திரும்பத் திரும்பக் கணித்து விடை காணும். சிலவேளை விடை குவியாமலே நின்றுவிடும். அப்போது தொடக்க மதிப்புகளைப் பயனர் ஊகித்துத் தரவேண்டியிருக்கும்.

மேட்லேப் இரண்டாம் வகை, அதாவது பொதுக் கணக்குக் கருவி. கிளீவ் மோலர் 1970-களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக மாணவர்களுக்காக எழுதிய அணிக்கணக்குக் கருவி; 1984 முதல் வணிகப் பொருள். அடிப்படை மேட்லேபில் சமன்பாட்டைப் பயனரே எழுத வேண்டும். மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டிக்கு அது சில வரி வேலை. இருபது டிரான்சிஸ்டர் பெருக்கிக்கோ வீண் உழைப்பு. மோட்டார், வெப்பம், கட்டுப்பாட்டு விதி எனக் கணக்கு சுற்றுக்கு வெளியே விரியும்போது பொதுக் கருவியே கைகொடுக்கும். செலவு தடையானால் மேட்லேபுக்கு மாற்றாக ஆக்டேவும், ஸ்பைஸ் வழிவந்த என்ஜிஸ்பைஸும் இலவசமாகக் கிடைக்கின்றன.