காப்பிக் கடையில் இருவர்

பல வருஷங்களுக்கு முன் வாரப் பத்திரிகை ஒன்றில் துப்பறியும் தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு அத்தியாயம். இன்ஸ்பெக்டரும் அவர் விடாமல் பின்தொடரும் திருடனும் இரவு ரயிலில் எதிர் எதிரே உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து இட்லி சாப்பிடுகிறார்கள். எதிரே இருப்பது யார் என்று இருவருக்கும் தெரியும். அன்றைய தேதியில் கைது செய்யும்படியான சாட்சியம் இல்லை, அவ்வளவுதான். பத்திராதிபர் அந்த அத்தியாயத்தை முழுக்க அடித்துவிட்டார். "ஏன் ஸார், போலீஸ்காரனும் திருடனும் சேர்ந்து இட்லி தின்பார்களா? ஜனங்கள் சிரிப்பார்கள்!" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அப்போது எனக்குச் சிக்காகோ சமாசாரம் தெரியாது.

1963-ல் அந்த நகரத்தில் சக் ஆடம்ஸன் என்ற துப்பறியும் போலீஸ்காரர், நீல் மக்காலி என்ற திருடனைக் கண்காணித்து வந்தார். மக்காலி லேசுப்பட்ட ஆசாமி அல்ல. ஆயுளில் பெரும் பகுதியைச் சிறையில் கழித்தவன். ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவில் பாறைத் தீவின் மேல் இருந்த அல்கட்ராஸ் சிறையையும் பார்த்தவன். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. திட்டம் போட்டுத் திருடுகிறவன், தொழிலில் சுத்தம். ஆடம்ஸனுக்கு அதில் ஒரு மதிப்பே உண்டாகிவிட்டது.

ஒரு நாள் இருவரும் தற்செயலாக நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். ஆடம்ஸன் என்ன செய்தார் தெரியுமோ? காப்பி சாப்பிட அழைத்தார். மக்காலியும் போனான்! ஆடம்ஸனுக்கு அப்போது சொந்த வாழ்க்கையில் ஏதேதோ சங்கடங்கள். ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் நாம் மனம் விட்டுப் பேசிவிடுவதில்லையா, அப்படிப் பேசிக்கொண்டார்களாம். மறுபடி சந்திக்க நேர்ந்தால் சுடத் தயங்கமாட்டேன் என்பதையும் பேச்சோடு பேச்சாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதில் கோபமும் இல்லை, மிரட்டலும் இல்லை.

மறுபடி சந்தித்தது 1964 மார்ச் 25-ந் தேதி. மக்காலியும் கூட்டாளிகளும் ஒரு பலசரக்குக் கடையைக் கொள்ளையிட்டு வெளியே வந்தார்கள். போலீஸார் முன்பே பின்தொடர்ந்து வந்து காத்திருந்தார்கள். ஓட்டம், சந்து, துப்பாக்கிச் சூடு. ஒரு வீட்டு வாசல் புல்தரையில் மக்காலி விழுந்தான். சுட்டவர் ஆடம்ஸன்.

இந்தக் கதையை ஆடம்ஸன் தம் சிநேகிதர் மைக்கேல் மான் என்பவரிடம் சொன்னார். மானும் சிக்காகோக்காரர்தான், 1943-ல் பிறந்தவர், ஸினிமா டைரக்டர். அவர் சகவாசமே விசித்திரமானது. 1981-ல் அவர் எடுத்த 'தீஃப்' படத்தில் நிஜத் திருடர் ஒருவருக்குப் போலீஸ் வேஷம். நிஜப் போலீஸ்காரர் ஒருவருக்கு அடியாள் வேஷம். கேட்டால் என் பத்திராதிபர் மூர்ச்சை போட்டிருப்பார்.

மக்காலி கதையை மான் 1989-ல் முதலில் ஒரு டெலிவிஷன் படமாக எடுத்தார். மனம் ஆறவில்லை. 1995-ல் மறுபடியும், 'ஹீட்' என்று, மூன்று மணிக்குப் பத்து நிமிஷமே குறைவான பெரிய படமாக எடுத்தார். துப்பறிபவராக அல் பசினோ, திருடனாக ராபர்ட் டி நீரோ. இருவரும் 1974-ல் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் நடித்தவர்கள். ஆனால் அதில் ஒரு காட்சியில்கூடச் சேர்ந்து வரவில்லை. இந்தப் படத்திலும் சேர்ந்து வருவது சில நிமிஷங்கள்தான். அதில் பெரும் பங்கு காப்பிக் கடைக்கு. மேஜைக்கு இருபுறமும் இரண்டு காமிராக்களை வைத்து ஒரே சமயத்தில் படம் பிடித்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் எப்படி மாறுகிறது என்பதும் நிஜமாகவே அகப்பட வேண்டுமே!

ஸினிமாவுக்காக மான் மாற்றியது ஏராளம். சிக்காகோ லாஸ் ஏஞ்சலஸ் ஆயிற்று. பலசரக்குக் கடை பாங்கு ஆயிற்று. கொள்ளை 1 கோடியே 20 லட்சம் டாலராக வீங்கியது. புல்தரை விமான நிலையமாக மாறியது. அங்கே சாகிறவனின் கையைச் சுட்டவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதெல்லாம் கதாசிரியன் செய்கிற வேலை, நானும் செய்வேன். ஆனால் காப்பியை அவர் எடுத்துவிடவில்லை. நடந்ததை நம்பமாட்டார்கள் என்று பயந்து விட்டுவிடவில்லை. எனக்கு இல்லாத தைரியம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989-ல் எடுத்த படத்தில் திருடனுக்கு வேறு பெயர். 1995-ல் அவனுக்குச் சொந்தப் பெயரையே திருப்பிக் கொடுத்துவிட்டார்: நீல் மக்காலி. துப்பறிபவருக்கு மட்டும் இரண்டு படத்திலும் வின்ஸென்ட் ஹன்னா என்ற கற்பனைப் பெயர். கதையைச் சொன்னவர் ஆடம்ஸன். அது வெளிவந்தபோது உயிரோடு இருந்தவர் ஆடம்ஸன். இறந்தவன் பெயர் திரையில் இருந்தது. சுட்டவர் பெயர் இல்லை. அவர் பிற்பாடு போலீஸை விட்டு, டெலிவிஷனுக்குக் கதை எழுதும் தொழிலுக்கு, அதாவது நம் தொழிலுக்கு வந்துவிட்டார்.

'ஹீட்' படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். காப்பிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதை மான் காட்டவில்லை. சிக்காகோவில் அழைத்தவர் ஆடம்ஸன். ஆகையால் அவரே கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.