பகை நாட்டார் கூடிப் பேசிய வரலாறு

இரு நாடுகள் நட்புப் பூண்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆட்சித் தலைவர்களைப் பற்றியே எழுதுவர். பிரான்சும் ஜேர்மனியும் பகை தீர்ந்த கதையும் அவ்வாறே சொல்லப்படுகிறது. 1963ஆம் ஆண்டு சனவரி 22ஆம் திகதி, பாரிசு மாநகரின் எலிசே மாளிகையில் தெகோலும் அதெனாவரும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர்; பகை ஒழிந்தது என்பர். ஆனால் அதற்குப் பதினெட்டு ஆண்டுகளின் முன்னரே, அதிகாரம் எதுவும் கையில் இல்லாத சிலர் சிறு அறைகளிற் கூடிப் பேசத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்கும் முன்னே வேறு சிலர் கூடிப் பேசி, அப்பேச்சே தம் நாட்டுக்குக் கேடாய் முடியக் கண்டனர். இவ்விரு கூட்டத்தாரையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

பகையின் ஆழத்தை அறிய ஓர் உதாரணம் போதும். 1870இல் ஸ்திராஸ்பூர்க் நகரிற் பிறந்து எழுபத்தைந்து வயதுவரை அங்கேயே வாழ்ந்த ஒருவர், தம் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். பிரெஞ்சுக்காரராய்ப் பிறந்தவரை 1871ஆம் ஆண்டுத் தோல்வி ஜேர்மனியர் ஆக்கிற்று. 1918 மீண்டும் பிரெஞ்சுக்காரர் ஆக்கிற்று. 1940 ஜேர்மனியர் ஆக்கிற்று. 1944 மறுபடியும் பிரெஞ்சுக்காரர் ஆக்கிற்று. ஒரே ஆயுட்காலத்தில் மூன்று யுத்தங்கள்.

இவற்றுள் இரண்டாவது யுத்தம் முடிந்தபின், இனி இப்படி ஒன்று வரலாகாது என்று எண்ணிய வாலிபர் இரு நாட்டிலும் இருந்தனர். 1930ஆம் ஆண்டுக் கோடையில், தென்மேற்கு ஜேர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்திலுள்ள சோல்பெர்க் என்னும் மலையில் இரு நாட்டு இளைஞர் பாசறை ஒன்று கூடிற்று. கார்ள்ஸ்ரூவ நகரிற் சித்திரம் கற்பித்த ஓட்டோ அபெட்ஸ் என்ற இளம் ஆசிரியர் அதனைக் கூட்டியவர். பிரெஞ்சுப் பக்கத்தில் துணை நின்றவர் சஞ்சிகை ஆசிரியரான ழான் லுஷேர். நெருப்பைச் சுற்றியிருந்து பாடினர், விவாதித்தனர், நண்பராயினர். அவ்வட்டம் சோல்பெர்க் வட்டம் எனப் பெயர் பெற்று மேலும் கூட்டங்கள் நடத்திற்று. அதில் வந்து சேர்ந்தோரிற் பலர் மெய்யான சமாதானப் பிரியர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அபெட்ஸ் புதிய ஆட்சியோடு ஒட்டிக்கொண்டார். நட்பு என்ற அதே சொல், அதே முகங்கள். ஆனால் இப்போது அந்நட்பின் பயன், ஜேர்மனியைப் பற்றிப் பிரெஞ்சு மக்கள் அச்சங்கொள்ளாதபடி தாலாட்டுவதாயிற்று. 1940இல் பிரான்சு வீழ்ந்தபோது பாரிசில் ஹிட்லரின் ஸ்தானிகராய் வந்து அமர்ந்தவர் இந்த அபெட்ஸே. லுஷேர், பகைவரின் ஆட்சிக்குப் பத்திரிகைத் தொண்டு செய்து, 1946இல் தம் நாட்டாராலேயே தேசத்துரோகக் குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வரலாற்றாசிரியர் சிலரும் அக்காலத்தில் முயன்றனர். 1935இல் இரு நாட்டு அறிஞரும் பாரிசிற் கூடி, பாடப்புத்தகங்களில் ஒருவரை ஒருவர் தூற்றும் பகுதிகளைத் திருத்துவதற்காக 39 முடிவுகளை வகுத்தனர். பிரெஞ்சுப் பக்கத்தில் முன்னின்றவர், அந்நாட்டு மாணாக்கர் பலர் படித்த சரித்திர நூல்களை ஆக்கிய ழூல் ஐசாக். யூதரான அவருடைய மனைவியும் மகளும் பின்னர் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டனர். முடிவுகள் காகிதத்திலே கிடந்தன.

இத்தகைய அனுபவத்தின் பின் 1945இல் ஒரு பிரெஞ்சுக்காரர், ‘இனி ஜேர்மனியருடன் பேச்சே வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் அவரை யார் குறை கூறுவர்? ஆயினும் அவ்வாண்டு ஒக்டோபர் மாதமே ‘எஸ்பிரி’ என்னும் பாரிசுச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் ஜோசப் ரோவான். மூனிக் நகரில் யூத மரபிற் பிறந்து, பிரான்சுக்குத் தப்பி வந்து, எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்து, பிடிபட்டு, டாக்காவ் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். நாளைய ஜேர்மனி எப்படியிருக்கும் என்பது வென்றவர்களாகிய நாம் இன்று எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே அவருடைய வாதம். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. பிரெஞ்சுப் படையினர் வசமிருந்த ஜேர்மன் பகுதிக்குச் சென்று முதியோர் கல்விப் பணியை மேற்கொண்டார். அதே ஆண்டில் ழான் து ரிவோ என்னும் யேசு சபைத் துறவி, ஒபன்பூர்க் என்ற எல்லைப்புற ஊரில் இரு மொழிகளிலும் இரு சஞ்சிகைகளைத் தொடங்கினார். ஒரு நாட்டாரின் உள்ளக் கிடக்கையை மற்ற நாட்டார் வாசித்தறிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1948இல் எஸ்பிரியின் ஆசிரியரான எமானுவேல் மூனியே முன்னின்று ‘புதிய ஜேர்மனியுடன் தொடர்பாடற் குழு’ ஒன்றை அமைத்தார். அதன் காரியதரிசி அல்பிரெட் குரோசர் என்னும் இருபத்துமூன்று வயது வாலிபர். பிராங்க்பேர்ட் நகரத்து யூத வைத்தியரின் மகன். 1933இல் எட்டு வயதிற் பெற்றோருடன் பிரான்சுக்கு ஓடிவந்து, அடுத்த ஆண்டே தந்தையை இழந்தவர். குழு செய்த வேலை வெளித் தோற்றத்திற் சிறிது. ஜேர்மன் எழுத்தாளரையும் ஆசிரியரையும் தொழிற்சங்கத்தாரையும் பாரிசுக்கு அழைத்தனர், பேச வைத்தனர், கேள்வி கேட்டனர், ஒரு செய்தித்தாள் வெளியிட்டனர். அதே ஆண்டு யூலையில் ஜேர்மனியின் லூத்விக்ஸ்பூர்க் நகரில் இதற்கு இணையான கழகம் ஒன்று தோன்றிற்று. அதை நிறுவியோருள் ஒருவரான தியோடர் ஹொய்ஸ் மறு ஆண்டே மேற்கு ஜேர்மனியின் முதற் சனாதிபதியானார்.

இவர்களுக்கும் சோல்பெர்க் மலையில் நெருப்பைச் சுற்றியிருந்தோருக்கும் என்ன வேற்றுமை? பின்வந்தோர் நல்லவர், முன்வந்தோர் தீயவர் என்று கூறிவிடலாகாது. முன்னையோர் நட்பைக் காக்கும் பொருட்டுக் கசப்பான கேள்வியைத் தள்ளிவைத்தனர். (நம்மவர் சங்கக் கூட்டங்களிலும், சங்கடமான விஷயம் எழுந்ததும் தலைவர் மணியை அடிப்பது வாசகர் அறியாததன்று.) குரோசர் அக்கேள்வியிலிருந்தே தொடங்கினார். ஒரு தேசத்தார் முழுவதும் குற்றவாளிகள் என்பதை அவர் ஏற்கவில்லை. 1933இல் டாக்காவ் முகாமில் முதன்முதல் அடைக்கப்பட்டவர்கள் ஜேர்மனியரே அல்லவா? அவர்களோடு ‘சமரசம்’ செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டு, அந்தச் சொல்லையே அவர் விரும்பாதிருந்தார். அதே சமயத்தில், செய்தவற்றை மறைக்க ஜேர்மனியருக்கு இடமும் கொடுக்கவில்லை. யார் என்ன செய்தார் என்று கேட்கலாம். நீ எந்த இனத்தான் என்று கேட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. இது நுட்பமான நிலை. இதனை வகுத்தவர், பழி வாங்க நியாயமிருந்த வீட்டுப் பிள்ளை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வரலாற்றாசிரியரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். 1951இல் பாரிசிலும் மைன்ஸ் நகரிலும் கூடி 40 முடிவுகளை ஏற்றனர். பிரெஞ்சுப் பக்கத்திற் பியர் ரெனுவான், ஜேர்மன் பக்கத்திற் கெர்ஹார்ட் ரிட்டர் போன்ற பெரியோர் இருந்தனர். 1914ஆம் ஆண்டு யுத்தத்தை எந்த ஓர் அரசோ மக்களோ முன்கூட்டியே திட்டமிட்டு விரும்பினர் என்று சொல்ல ஆதாரமில்லை என்பது அவற்றுள் ஒன்று. எல்லோருக்கும் ஆறுதல் தந்த முடிவு! ஆனால் பத்தாண்டு கழிந்து, 1961இல் பிரிட்ஸ் பிஷர் என்ற ஜேர்மன் வரலாற்றாசிரியர் தம் நாட்டு ஆவணங்களைக் கிளறி, ஜேர்மன் அரசின் பொறுப்பு மிகப் பெரிது என்று எழுதிப் புயலைக் கிளப்பினார். கூடியிருந்து ஏற்ற முடிவு உண்மையாகிவிடாது. எனினும், தன் நாட்டின் குற்றத்தைப் பிஷர் என்னும் ஜேர்மனியரே எழுதினார் என்பது 1935இல் எவரும் கனவிலும் நினைத்திராத ஒன்று.

நகரங்களின் கதை சுருங்கச் சொல்லத்தக்கது. பிரான்சிலுள்ள மொம்பெலியார், ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் வூர்ட்டெம்பெர்க் அரச குடும்பத்தின் கீழ் இருந்த ஊர். 1950இல் அதன் நகரபிதா லூசியன் தராதான், நாம் மேலே குறிப்பிட்ட லூத்விக்ஸ்பூர்க் நகரத்தாருடன் உறவு பூண்டார். இரு நாட்டு நகரங்களிடையே ஏற்பட்ட முதல் உறவு அதுவே. தராதான் பூக்கன்வால்ட் முகாமிலிருந்து மீண்டவர்.

இக்குழுக்களே பகையை ஒழித்தன என்று நாம் வாதிடவில்லை. சோவியத் நாட்டைப் பற்றிய அச்சம், அமெரிக்கரின் பணம், 1951ஆம் ஆண்டு நிலக்கரி உருக்கு உடன்படிக்கை ஆகியன இல்லாதிருந்தால் அவர்களுடைய செய்தித்தாள்கள் எத்தனை பேரை எட்டியிருக்கும்? அரசர் விரும்பாத காலத்தில் 39 முடிவுகள் காகிதமாய்க் கிடந்ததைக் கண்டோம். ஆனால் அரசர் விரும்பிய காலத்தில், யாரை நம்பிப் பிள்ளைகளை அனுப்புவது, எந்த ஊரில் எந்த ஆசிரியரை அணுகுவது என்ற விவரம் இவர்களிடமே இருந்தது. எலிசே உடன்படிக்கையைத் தொடர்ந்து 1963 யூலையில் இரு நாட்டு இளைஞர் அலுவலகம் நிறுவப்பட்டது. அதன் வழியே இதுவரை 90 இலட்சத்துக்கும் அதிகமான இளைஞர் எல்லை கடந்து சென்று வந்துள்ளனர். குரோசரின் குழு, அதற்குமேல் தனக்கு வேலையில்லை என்பதுபோல் 1967இற் கலைந்தது. குரோசர் தொண்ணூற்றொன்பது வயது வாழ்ந்து 2024இற் பாரிசிற் காலமானார்.

2003இல் உடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்காக இரு நாட்டு மாணாக்கர் பேர்லினிற் கூடினர். அவர்கள் கேட்டது, இரு நாட்டாருக்கும் பொதுவான ஒரு சரித்திரப் பாடப்புத்தகம். 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் அது மூன்று பாகங்களாக இரு மொழிகளிலும் வெளிவந்தது. பெரும்பாலான பள்ளிகள் தத்தம் பழைய புத்தகங்களையே வைத்துக்கொண்டன. இரு மொழியிலும் கற்பிக்கும் வகுப்புகளிலேதான் அது அதிகம் வாசிக்கப்பட்டது.