நாமினி பெயர் போட்டால் பணம் அவருக்கே சொந்தமா?

வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம். வாரிசுச் சான்று கேட்டு வந்த மனுக்கள் எத்தனை என் கை வழியாகப் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அது சம்பந்தமான கேள்விகள் என்னை விடவில்லை. அதிலும் இன்சூரன்ஸ் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

"பாலிசியில் என் பெயர்தான் சார் இருக்கு. மாமியார் பங்கு கேட்கிறாங்க. கொடுக்கணுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பெயரைப் போட்டேன். கல்யாணம் ஆனதும் அது தானா பொண்டாட்டி பெயருக்கு மாறிடாதா?"

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: தானாக மாறாது. முதல் கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. நூறு வருடத்துக்கும் மேலாக நம் நீதிமன்றங்களும் சட்டசபைகளும் அதோடு மல்லுக்கட்டி வருகின்றன. அந்தக் கதையில் நம் சென்னைக்குத் தனி இடம் உண்டு.

ஆயுள் காப்பீடு இந்தியாவுக்கு வந்தது 1818-ல், கல்கத்தாவில். சென்னையில் 1829-ல் மெட்ராஸ் ஈக்விடபிள் என்ற நிறுவனம் தொடங்கியது. தபால் துறை ஊழியர்களுக்காக 1884-ல் தபால் ஆயுள் காப்பீடு வந்தது. பெண்களின் உயிருக்குக் காப்பீடு கொடுக்க மற்ற கம்பெனிகள் தயங்கிய காலத்தில், 1894-லேயே தபால் தந்தித் துறைப் பெண் ஊழியர்களை அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பாகம் பிரியாத குடும்பத்தில் ஒருவர் மகன் இல்லாமல் இறந்தால், அவருடைய பங்கு அண்ணன் தம்பிகளிடம் போய்விடும். மனைவிக்குக் கிடைப்பது சோறும் துணியும்தான். சட்டம் அதற்கு ஜீவனாம்சம் என்று பெயர் வைத்திருந்தது. புருஷன் கட்டிய இன்சூரன்ஸ் பணமும் அவருடைய சொத்துக்குள் சேர்ந்துவிட்டால், கடன்காரர்களும் பங்காளிகளும் போக அவள் கைக்கு என்ன வரும்?

இதற்கு ஒரு வழி 1874-ம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தில் இருந்தது. அதன் 6-வது பிரிவின்படி, ஒருவர் தன் உயிர்மேல் பாலிசி எடுக்கும்போதே அது மனைவியின் நலனுக்காக, அல்லது மனைவி மக்கள் நலனுக்காக என்று பாலிசியிலேயே எழுதிவிட்டால், அது ஓர் அறக்கட்டளை போல ஆகிவிடும். கடன்காரர் தொட முடியாது. எடுத்தவரே மனம் மாறினாலும் திருப்பிக்கொள்ள முடியாது. இறந்தவரின் சொத்துக் கணக்கிலும் அது சேராது.

ஆனால் அந்தச் சட்டம் இந்து, முஸ்லிம், சமணப் பெண்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அப்படியானால் நம் வீட்டுப் பெண்களுக்கு? சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, பாலாம்பா – கிருஷ்ணய்யா வழக்கில், இந்து ஒருவர் எடுத்த பாலிசிக்கும் 6-வது பிரிவு பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு 1923-ல் சட்டத்தையே திருத்தி, எல்லா மதத்தவருக்கும் அந்தப் பிரிவை விரித்தார்கள். திருத்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரல் 1-க்குப் பின் எடுத்த பாலிசிகள் என்று எழுதியவர்கள், சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பின் என்று எழுதினார்கள். அந்த வரி இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. பத்து வருடம் முன்பே இந்த உரிமை சென்னை மாகாணத்து மனைவிமார்களுக்குக் கிடைத்தது என்பதற்கு அதுவே சாட்சி.

1938-ல் இன்சூரன்ஸ் சட்டம் வந்தது. அதன் 39-வது பிரிவுதான் நாமினி என்ற சொல்லை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1956 செப்டம்பர் 1-ல் 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. அதே வருடம் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தது. உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் நால்வருமே முதல் வகுப்பு வாரிசுகள் என்றது அந்தச் சட்டம். தகப்பனார் அதில் வரமாட்டார். இதைச் சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை.

ஆக, ஒரே வருடத்தில் வீட்டுக்கு வீடு பாலிசியும் வந்தது, தாய்க்கும் மனைவிக்கும் சம பங்கும் வந்தது. இரண்டும் மோதாமல் இருக்குமா?

மோதிய வழக்குதான் சர்பதி தேவி – உஷா ராணி. 1967-ல் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார். பத்தாயிரம் ரூபாய் வீதம் இரண்டு பாலிசிகள். இரண்டிலும் நாமினி மனைவி. இறந்தவரின் தாயாரும் மகனும் தங்கள் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: நாமினி என்பவர் பணத்தைக் கம்பெனியிடமிருந்து வாங்கும் கை மட்டுமே, பணம் வாரிசுகளுக்குச் சொந்தம். தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு, மகனுக்கு ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு. ஆள் இறந்து பதினாறு வருடம் கழித்து வந்த பதில் இது.

அதன் பிறகு முப்பது வருடம் இதுதான் சட்டம். நான் வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் இதையே சொல்லி அனுப்பினேன். மாமியாரும் மருமகளும் அலுவலக வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றவளுக்குப் பிள்ளை போன துக்கம், இவளுக்குப் புருஷன் போன துக்கம். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் இருவர் பக்கமும்தான் என்று சொல்லத் தோன்றும்.

2015-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால், அவர் வெறும் கை அல்ல, பணத்துக்கு உரியவரே என்றது திருத்தம். 2014 டிசம்பர் 26-க்குப் பின் பணம் கொடுக்க வேண்டி வந்த பாலிசிகளுக்கு இது பொருந்தும். அத்தோடு விவகாரம் தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

தீரவில்லை. கர்நாடகத்தில் ஒருவர் கல்யாணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்டார். பிறகு கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது, பெயரை மாற்றவில்லை. அவர் இறந்ததும் வழக்கு. வாரிசுகள் உரிமை கேட்டு வந்தால் நாமினி என்பது வாரிசுரிமையைத் தள்ளிவிடாது என்று 2025-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லி, தாய், மனைவி, குழந்தை மூவருக்கும் சமமாகப் பிரித்தது. ஆகவே இன்றைய நிலையில் நாமினி பெயரை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதுவரை சொன்னது சமவெளிக்கு. நம் கல்வராயன் மலையின் கதை வேறு. 1976 வரை அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அங்குள்ள மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2-வது பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. கீழே சின்னசேலத்தில் இருக்கும் மகளுக்கும் விதவைக்கும் சட்டம் எழுதிக் கொடுத்த சம பங்கு, மேலே வெள்ளிமலையில் இருப்பவளுக்கு அப்படி எழுதப்படவில்லை. அங்கே வழக்காறுதான் பேசும். அந்த விலக்கை எடுத்துவிடுவது பற்றி யோசியுங்கள் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொன்னது.

அதனால்தான் மலையில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு கட்டம் இன்னும் முக்கியம் என்கிறேன். இன்று அங்கேயும் வங்கிக் கணக்கு இருக்கிறது. கணக்கிலிருந்து வருடத்துக்கு 436 ரூபாய் பிடித்து இரண்டு லட்சம் கொடுக்கும் பிரதமர் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆட்களைச் சேர்க்கிறார்கள். வேலைக்கென்று வெளி மாநிலம் போகிற பையன் அவசரத்தில் கையெழுத்துப் போடும் படிவத்தில், நாமினி கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது நான்கு விஷயம்.

ஒன்று, பாலிசி பாண்டை எடுத்து நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணம், குழந்தை பிறப்பு, நாமினியின் மரணம் என்று எது நடந்தாலும் மறுபடி பாருங்கள். மாற்றுவதற்கு ஒரு படிவம் போதும்.

இரண்டு, நாமினி பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால், அந்தப் பிள்ளைக்காகப் பணம் வாங்கப் பெரியவர் ஒருவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்று, அம்மாவுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு என்று மனதில் ஒரு கணக்கு இருந்தால் அதை உயிலில் எழுதுங்கள். நாமினி படிவத்திலேயே ஒருவருக்கு மேல் பெயரும், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் எழுத முடியும்.

நான்கு, கடன் வாங்கித் தொழில் செய்யும் பிள்ளைகள் புதிதாகப் பாலிசி எடுக்கும்போது அந்த 1874-ம் வருடத்துச் சட்டத்தின் கீழ் எடுப்பது பற்றி ஏஜெண்டிடம் கேட்கச் சொல்லுங்கள். எடுக்கும்போதே எழுத வேண்டும்; பிறகு சேர்க்க முடியாது, பிரிக்கவும் முடியாது. டிரஸ்டி பெயரையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பணம் அரசின் அதிகாரபூர்வ டிரஸ்டியிடம் போய், அங்கிருந்துதான் வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியதை வீட்டில் சொல்லுங்கள். அம்மாவையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு என்று மகன் வாயாலேயே கேட்ட தாய், பிறகு மருமகள்மேல் வழக்குப் போட்டு என் மேசைக்கு வந்து நான் பார்த்ததில்லை.