காதுக்குப் பிறந்து முதுகுக்கு வாழ்க்கைப்பட்ட வைத்தியம்

கைரோபிராக்டிக் வைத்தியரைத் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். அந்த வைத்தியத்தின் முதல் நோயாளியாகச் சொல்லப்படுகிறவருக்கோ இடுப்புவலியே இல்லை. அவருக்குக் காது கேட்கவில்லை.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது டேவன்போர்ட் நகரம். அங்கே ரயன் பிளாக் என்ற கட்டடத்தின் மாடியில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் வைத்தியசாலை நடத்திவந்தார். அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பராமரித்தவர் ஹார்வி லில்லர்ட் என்ற கறுப்பினத்தவர். பாமர் பின்னாளில் எழுதி வைத்த கணக்குப்படி, அந்தச் சிகிச்சை நடந்த நாள் 1895 செப்டம்பர் 18. லில்லர்டுக்கு 17 வருடமாகவே காது மந்தம். தெருவில் போகிற வண்டிச் சத்தம்கூடக் கேட்காது. ஒருநாள் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியதுபோல் இருந்தது, அதிலிருந்துதான் காது போயிற்று என்றார் அவர். பாமர் முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு முள்ளெலும்பு இடம் மாறியிருப்பதாகப் பட்டது. அதைக் கையால் அழுத்தித் தள்ளினார். காது திறந்துகொண்டது.

லில்லர்டின் மகள் சொன்ன கதை வேறு. அப்பா வராந்தாவில் நண்பர் ஒருவரிடம் நகைச்சுவைத் துணுக்கு சொல்லிக்கொண்டிருந்தார். அறைக்குள் இருந்த பாமரும் வெளியே வந்து சேர்ந்துகொண்டார். துணுக்கு முடிந்த சிரிப்பில், கையில் வைத்திருந்த புத்தகத்தால் அப்பா முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சில நாள் கழித்து, காது கொஞ்சம் தேவலை என்றார் அப்பா. இதுதான் மகளின் கதை. 1897 தொடக்கத்தில் பாமரே வெளியிட்ட விளம்பரத் தாளில் லில்லர்டின் பெயரில் ஒரு சாட்சியம் வந்தது. அதில் இரண்டு முறை சிகிச்சை எடுத்த பிறகு காது கேட்டதாக இருக்கிறது. முதுகைத் தட்டினாரோ தள்ளினாரோ, அந்தக் கட்டடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல ஆதாரம் கிடையாது.

பாமர் கனடாக்காரர். ஒண்டாரியோவில் 1845-இல் பிறந்து, 20 வயதில் எல்லை தாண்டி அமெரிக்கா வந்தவர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார், தேனீ வளர்த்தார், ராஸ்பெரி பயிரிட்டார், மளிகைக் கடை வைத்தார். 1880-களின் நடுவில் காந்த வைத்தியத்தில் இறங்கினார். உடம்பின் மேல் கையை வைத்து, தன் உடம்பில் ஓடும் காந்த சக்தியை நோயாளிக்குச் செலுத்துவதாகச் சொல்லும் முறை அது. இதற்குக் கூட்டம் வந்ததா என்றால், நன்றாகவே வந்தது. அந்தக் காலத்து டாக்டர்களில் பலர் பாதரச உப்பைக் கொடுத்துப் பேதியாக வைத்துக்கொண்டிருந்தார்கள். கையை மட்டும் வைத்தவரால் குறைந்தபட்சம் யாருக்கும் கெடுதல் வரவில்லை.

எலும்பைத் தள்ளிச் சரிசெய்வது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. இங்கிலாந்தில் எலும்பு வைத்தியர்கள் பரம்பரை பரம்பரையாக அதைச் செய்துவந்தார்கள். பெரிய அறுவை மருத்துவரான ஜேம்ஸ் பேஜட், 1867-இல், இவர்கள் குணப்படுத்தும் கேஸ்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சக மருத்துவர்களுக்கே பாடம் எடுத்தார். மிசூரியில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஆஸ்டியோபதி என்ற முறையை உண்டாக்கி, 1892-இல் அதற்குப் பள்ளியும் தொடங்கிவிட்டார். நம் ஊர் சலூனில் முடிவெட்டி முடித்ததும், தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பிப் படக்கென்று சத்தம் வரவைப்பவரிடம் யாரும் தத்துவம் கேட்டதில்லை. பாமர் தத்துவத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

முள்ளெலும்பு ஒவ்வொன்றிலும் பின்புறமும் பக்கவாட்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகளை நெம்புகோலாகப் பயன்படுத்தித் தள்ளியது, தனக்கு முன்னால் யாரும் செய்யாதது என்றார். அந்த அளவில் நின்றிருந்தால் சரி. அவரோ, இடம் பிசகிய முள்ளெலும்பு நரம்பை நெருக்குகிறது, அதனால் உடம்பை நடத்தும் ஓர் உள்ளறிவின் ஓட்டம் தடைபடுகிறது, நோய்களில் நூற்றுக்கு 95 இதனால்தான் வருகின்றன என்று முடிவே கட்டிவிட்டார். இந்த ஞானம் எப்படி வந்தது என்பதற்கும் பதில் வைத்திருந்தார்: எப்போதோ இறந்துபோன ஜிம் அட்கின்சன் என்ற மருத்துவரின் ஆவி சொல்லிக்கொடுத்தது. பின்னாளில், இதை ஒரு மதமாகவே பதிவு செய்துவிட்டால் சட்டத் தொல்லை இருக்காதே என்றும் யோசித்தார்.

லில்லர்ட் கதையிலேயே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. காதிலிருந்து புறப்படும் கேள்வி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே ஓடி நேராக மூளைத்தண்டில் போய்ச் சேர்கிறது. முதுகெலும்புப் பக்கம் அது இறங்குவதே இல்லை. பாமர் தள்ளியதாகச் சொல்லும் எலும்போ மார்புக்குப் பின்னால் இருப்பது. அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் கேள்வி நரம்புக்குத் தெரியப்போவதில்லை.

ஆனாலும் தொழில் வளர்ந்தது. பாமரின் நோயாளியான சாமுவேல் வீட் என்ற பாதிரியார், கையால் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்துக் கொடுத்தார். 1897-இல் டேவன்போர்ட்டில் பள்ளி தொடங்கியது. 1906-இல், உரிமமில்லாமல் மருத்துவம் பார்த்ததாகப் பாமருக்குத் தண்டனை விழுந்தது: 350 டாலர் அபராதம், இல்லாவிட்டால் 105 நாள் சிறை. கொள்கைக்காகச் சிறைக்குப் போகிறேன் என்று உள்ளே போனவர், சில வாரங்களிலேயே பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். அதற்குள் பள்ளி மகன் பார்ட்லெட் ஜோஷுவா பாமரின் கைக்குப் போய்விட்டது. எல்லாரும் அவரை பி.ஜே. என்றே அழைத்தார்கள்.

அடுத்த வருடம், விஸ்கான்சினின் லாக்ராஸ் ஊரில் ஷெகெதாரோ மொரிகுபோ என்ற ஜப்பானியர் மீது இதே மாதிரி வழக்கு. டாம் மாரிஸ் என்ற வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். இவர் மருத்துவமே பார்க்கவில்லை. நோயைக் கண்டறிவதும் இல்லை, மருந்து கொடுப்பதும் இல்லை. முதுகெலும்பைச் சரிப்படுத்துகிறார், அது தனித் துறை, தனித் தத்துவம் என்று வாதாடினார். விடுதலை கிடைத்தது. என் கணக்கில், பாமரின் தத்துவம் இத்தனை காலம் உயிரோடு இருந்ததற்கு ஆவியைவிட வக்கீல்தான் காரணம். இது தனித் தத்துவம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை சிறை இல்லை. தத்துவத்தைக் கைவிட்டால் போலி டாக்டர் பட்டம். தொழில் செய்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. 1913 ஆகஸ்டில் டேவன்போர்ட்டில் நடந்த ஊர்வலத்தில் மகன் ஓட்டிவந்த கார் அப்பாவை இடித்தது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்த அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் பாமர் இறந்தார். பதிவான காரணம் டைபாய்டு. கார் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. மகன் பி.ஜே. பிறவி வியாபாரி. 1910 வாக்கிலேயே எக்ஸ்ரே கருவியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 1922-இல் வானொலி நிலையத்தையே விலைக்கு வாங்கினார். பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் அறிவிப்பாளராக வேலை பழகியது அந்த நிலையத்தில்தான்.

இதில் முதுகுவலி எப்போது வந்தது? அதைக் கொண்டுவந்தவர்கள் நோயாளிகள். சர்வரோக நிவாரணி என்று பலகை தொங்கினாலும், பண்ணையிலும் ஆலையிலும் மூட்டை தூக்கிய ஆட்கள் இடுப்புவலிக்குத்தான் வந்தார்கள். அந்த வலியைத்தான் டாக்டர்களும் ஓய்வெடு, மாத்திரை போடு என்று சொல்லிக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். கன்சாஸ் மாநிலம் 1913-இல் இந்த வைத்தியத்தை அங்கீகரித்துச் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா 1974-இல். நடுவில் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்தத் தொழிலையே ஒழித்துக்கட்ட 1963-இல் குழு அமைத்தது. செஸ்டர் வில்க் முதலிய கைரோபிராக்டிக் வைத்தியர்கள் 1976-இல் வழக்குப் போட்டார்கள். சங்கம் செய்தது சட்டவிரோதப் புறக்கணிப்பு என்று நீதிபதி சூசன் கெட்சன்டானர் 1987-இல் தீர்ப்பளித்தார். அவர் விசாரித்தது வியாபாரப் போட்டிச் சட்டத்தை. இந்த வைத்தியம் பலிக்குமா என்பதை அல்ல. விளம்பரங்களில் மட்டும் அந்த வித்தியாசம் எப்படியோ தொலைந்துபோகும்.

பலிக்குமா என்று பார்க்குமுன், முதுகுவலியையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பெரும்பாலான இடுப்புவலிக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. ஸ்கேன் எடுத்துவிட்டு, "டிஸ்க் விலகியிருக்கு" என்று சொன்னால் நமக்கு ஒரு திருப்தி. ஆனால் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது. புதிதாகப் பிடித்த இடுப்புவலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானாகவே குறைகிறது. அந்தச் சமயத்தில் யாரிடம் போயிருந்தோமோ அவருக்கு நல்ல பெயர்.

கைரோபிராக்டிக் வைத்தியரின் மேசையில் நடப்பது இதுதான். நோயாளி ஒருக்களித்துப் படுக்கிறார். மேலே இருக்கும் காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறு பக்கமும் மெல்லத் திருப்பி, மூட்டு மேற்கொண்டு போக மறுக்கும் எல்லை வரை கொண்டுபோகிறார் வைத்தியர். உள்ளங்கையின் அடிப்பகுதி எலும்பை முள்ளெலும்பின் அருகே ஊன்றி, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சின்னத் தள்ளு. வேகம் அதிகம், தூரம் மிகக் குறைவு. அப்போது படக்கென்று கேட்கும் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், எம்ஆர்ஐ கருவிக்குள் ஒருவர் விரலை இழுத்துச் சொடக்கு விழும் கணத்தைப் படம் பிடித்தார்கள். மூட்டுப் பரப்புகள் சட்டென்று பிரியும்போது நடுவிலுள்ள திரவத்தில் வாயுக் குழி ஒன்று உருவாவது தெரிந்தது. எலும்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனாலும் வலி குறைவதாக உணர்கிறவர்கள் உண்டு. தசை இறுக்கம் தளர்வதும், நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதம் சற்று நேரத்துக்கு மாறுவதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 9,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 47 சோதனைகளை 2019-இல் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சி போன்ற மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் எவ்வளவு பலன் தருகின்றனவோ கிட்டத்தட்ட அவ்வளவே இதுவும் தந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பயிற்சி முதலிய சில வழிகளோடு இதற்கும் இடம் உண்டு. அற்புதமும் இல்லை, மோசடியும் இல்லை. பல வழிகளில் ஒன்று. பிசியோதெரபி செய்கிறவர்களில் பயிற்சி பெற்றவர்களும் இதே தள்ளைச் செய்கிறார்கள். மறுநாள் உடம்பு கொஞ்சம் வலிப்பது சகஜம்.

பாமரின் பழைய சரக்கு முழுதாகப் போய்விடவில்லை. குழந்தைகளின் வயிற்றுப் பொருமலுக்கும் காதுத் தொற்றுக்கும் முதுகைச் சரிசெய்யலாம் என்று சொல்லப்படுவதற்கு ஆதாரமே கிடையாது என்று, பஞ்சாபி வம்சாவளி பிரிட்டிஷ் எழுத்தாளர் சைமன் சிங் 2008-இல் கார்டியன் பத்திரிகையில் எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டு, 2010-இல் தானே திரும்பப் பெற்றது. அந்த வழக்கு கிளப்பிய புகைச்சல் பிரிட்டனின் அவதூறுச் சட்டத்தையே 2013-இல் மாற்றியதில் ஒரு பங்கு வகித்தது. அதே 2010-இல் அந்த நாட்டின் தொழில் ஒழுங்குமுறை மன்றம், முள்ளெலும்புப் பிசகுதான் நோய்க்குக் காரணம் என்ற கொள்கைக்கு மருத்துவ ஆய்வு ஆதரவு இல்லை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது.

ஆகவே இடுப்புவலிக்குப் போகிறவர் போகலாம். சர்க்கரை, ஆஸ்துமா எல்லாம் சரியாகும் என்றோ, வலி போனபின்னும் வாரா வாரம் வா என்றோ சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கழுத்தைச் சடாரென்று திருப்ப விடுவதில் கூடுதல் கவனம் வேண்டும்: அரிதாகத்தான் என்றாலும், கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்துபோனவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இந்தத் தள்ளு ஆகாது. டாக்டரைக் கேட்காமல் படுக்கவே கூடாது. தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது, கால் நாளுக்கு நாள் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்து அடிபட்டபின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த வலி: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மேசைப் பக்கமே போக வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். முதல் மூன்று என்றால் அன்றைக்கே.