எல்.கே.ஜி. வந்த கதை

பேரன் பேத்திகளுக்கு மூன்று வயது நெருங்கும் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான்: எந்தப் பள்ளியில் சேர்ப்பது? நமக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. ஐந்து வயதானதும் விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் விரல் பிடித்து ‘அ’ எழுதவைத்து, பக்கத்துப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முன்பு வீடும் தெருவும்தான் பள்ளி. அப்படியானால் இந்த எல்.கே.ஜி. எங்கிருந்து வந்தது?

‘கே.ஜி.’ என்பது கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஃபிரெடரிக் ஃபுரோபெல் என்பவர் 1837-ல் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் இதைத் தொடங்கி, 1840-ல் இந்தப் பெயரை வைத்தார். பாட்டு, விளையாட்டு, மரக்கட்டைகள், செடி வளர்ப்பு, இவைதான் பாடம். 1851-ல் பிரஷ்ய அரசு இதற்குத் தடையே போட்டது. 1860-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

அடுத்தவர் மரியா மாண்டிசோரி. இத்தாலிய மருத்துவரான இவர் 1907-ல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் பள்ளியைத் திறந்தார். இவருக்கும் நம் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939-ல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டுக்காரர் என்று அவர் நடமாட்டத்துக்குப் பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு விதித்தது. அதனால் அவர் இங்கேயும் கொடைக்கானலிலும் வேலையைத் தொடர்ந்தார். ஐரோப்பா திரும்பியது 1946-ல்.

நம் நாட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-ல் பால மந்திரைத் தொடங்கினார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் பின்னர் மகாராஷ்டிரத்தில் பழங்குடிக் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். ‘அங்கண்’ என்றால் முற்றம். நாம் சாதாரணமாகச் சொல்லும் அங்கன்வாடியின் வேர் இந்தச் சொல்தான். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைக்கும் தட்டில் சோறு போட்டது. 2019-ல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளையும் ஆரம்பித்தது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். இதைத் தொடங்கியவர்களில் ஒருவர்கூட மூன்று வயதுக் குழந்தையின் கையில் வீட்டுப்பாட நோட்டைத் திணிக்கவில்லை. மாண்டிசோரிகூட எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவவைத்துத்தான். பிஞ்சு விரல் பென்சிலைப் பிடிக்கும் முன் நாலு பக்கம் எழுதச் சொல்வது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். மூன்று வயதுக் குழந்தைக்குத் தானாகப் படியிறங்கி ஓடக்கூடத் தெரியாது.

ஆகவே, பிள்ளைகள் உங்களிடம் யோசனை கேட்டால் விளம்பரப் பலகையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். நேரில் போய் வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறதா, வெளியேற இரண்டு வழி உண்டா, கழிப்பறை சுத்தமா, ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள் என்று பாருங்கள். வீட்டு மொழியில் குழந்தை “தண்ணி வேணும்” என்றால் யாராவது காதில் வாங்குகிறார்களா என்றும் கவனியுங்கள். இவை சரியாக இருந்தால் தெருமுனை அங்கன்வாடியும் நல்ல பள்ளிதான். இல்லையென்றால் லட்ச ரூபாய் கட்டினாலும் வேண்டாம் என்பேன்.