கோங்கு: ஓசூர் வட்டாரக் காட்டுத் தோட்டங்களில்

கோங்கு, குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் இடம்பெறும் சிறுமரம். பாறைச் சரிவுகளில் புதர்போலவும் நிற்கும். பனிக்காலம் முடிவதற்குள் இலையெல்லாம் உதிர்த்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மொட்டைக் கிளைகளின் நுனியில் உள்ளங்கை அகல மஞ்சள் பூக்களை விரிக்கும். ஓசூர், கிருஷ்ணகிரித் தோட்டங்களில் இதை வளர்ப்பவர் முதலில் கற்க வேண்டியது, தண்ணீர்க் குழாயை மூடுவது. ஐரோப்பாவின் முன்வசந்தப் புதர்கள் பல பூக்கக் குளிர்காலக் குளிர்ச்சி வேண்டும். கோங்குக்கோ வறட்சிதான் அழைப்பு. இலைத்திரை விலகியதும் பூக்கள் தேனீக்களின் கண்ணில் எளிதில் படுகின்றன. பெரிய தேனீக்கள் மகரந்தப் பையைப் பற்றிச் சிறகதிர்த்து, அதன் நுனித்துளை வழியே தூளை உதிர்க்கின்றன.

மாதக்கணக்கில் குச்சியாக நிற்கும் செடி தோட்டத்துக்கு அழகா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பசுமைக்காகக் கோடையில் நீர் பாய்ச்சினால் ஓய்வும் கெடும், வேரும் அழுகக்கூடும். பின்னால் பசுமை மாறாத மரமொன்றை நட்டால் மொட்டைக்காலம் உறுத்தாது, மஞ்சளும் எடுப்பாகத் தெரியும். அந்த மரத்தின் நிழல் மட்டும் கோங்கின்மேல் விழக்கூடாது. விதையின் பஞ்சை நீக்கி, கடினத் தோலை லேசாகத் தேய்த்து, மழைக்கு முன் சரளை மண்ணில் ஊன்றுவது நல்லது.