திரையில் விழுந்த மலை

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு தலைமுறைக்கு முன் நம் வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் தோன்றிய பழுதும் ஒரு சான்றே என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். இராசபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் முன்வைத்து அதனைச் சற்று ஆராய்வோம்.

தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15இல்தான். அதன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. நிலவளைவைக் கடந்து நெடுந்தொலைவு போகமாட்டா. சென்னையிலிருந்து சாலைவழி 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நம் ஊர்களுக்கு அவை எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிற்று. 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து புறப்பட்ட அந்த அலைகள், கடல்மேல் வெப்பக்காற்றும் குளிர்காற்றும் அடுக்காய் அமைந்த நாள்களில் வளைந்து வந்து தென்மாவட்டங்களை எட்டின. நெடிய கம்பங்கள் நட்டு மக்கள் அதனைப் பிடித்தனர். தம் மாநிலத் தலைநகரின் காட்சி கிட்டாதோர்க்கு அயல்நாட்டுக் காட்சி கிட்டியது!

1984இல் நாடெங்கும் சிறுதிறன் அஞ்சல் நிலையங்கள் பெருகின. 1980களின் பிற்பகுதியில் கோடைக்கானல் உயர்திறன் நிலையம் வந்தது. 1987 ஜனவரி 25இல் தொடங்கி ஞாயிறுதோறும் இராமாயணம் ஒளிபரப்பான காலமும் அதுவே. மொட்டைமாடிகளில் ஆன்டெனாக்கள் வடக்கு நோக்கித் திரும்பின. ஜப்பானியரான உடா, யாகி இருவரும் 1926இல் உலகிற்கு அறிவித்த அதே மீன்முள் வடிவம்தான் அது.

ஆயின் கோடைக்கானலுக்கும் நமக்கும் இடையே வருசநாடு, சதுரகிரி மலைப்பகுதி கிடக்கிறது; மேற்கேயோ மலைத்தொடர் நீண்ட சுவராய் நிற்கிறது. இதன் விளைவு திரையில் தெரிந்தது. அலை மெலிந்தால் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் மொய்த்தன. மலையில் பட்டுத் திரும்பிய அலை சற்றுத் தாமதித்து வந்தால், ஒவ்வோர் உருவத்தின் வலப்புறமும் ஒரு நிழலுரு நின்றது. இராமன் இருவரானான், வில்லும் இரண்டாயிற்று.

அந்த நிழலுருவில் ஒரு கணக்கு உண்டு. திரையில் ஒரு கோட்டைக் காணும் பகுதியில் வரைய 52 மைக்ரோநொடி ஆகும். அலை 1 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் மூன்றேகால் மைக்ரோநொடிக்குச் சற்று மேல் தாமதமாகும். எனவே 40 செ.மீ. அகலத் திரையில் நிழல் இரண்டரை செ.மீ. விலகி நின்றால், எதிரொலித்த அலை ஏறத்தாழ 1 கிலோமீட்டர் சுற்றி வந்தது என்று பொருள். மலையின் இருப்பைத் திரையே அளந்து காட்டியது எனலாம்.

இக்கணக்கை அறியாதோரும் அதன் பயனை அறிந்திருந்தனர். மாடியில் ஒருவர், முற்றத்தில் ஒருவர். "அம்மா, இப்பத் தெரியுதா?" "இல்லய்யா, ரெண்டு ரெண்டாத் தெரியுது. இன்னுங் கொஞ்சம் திருப்பு." "இப்ப?" "போதும் போதும், அப்படியே விடு!" புள்ளி மிகுந்தால் கம்பத்தை உயர்த்து, நிழல் விழுந்தால் திசையைத் திருப்பு, படம் மேலும் கீழும் ஓடினால் பின்புறக் குமிழைத் திருகு, தெருவில் மோட்டார் சைக்கிள் போகையில் கோடு விழுந்தால் காத்திரு. பழுதைக் கண்டவுடன் காரணத்தைப் பகுத்துச் சொல்லும் அறிவு அந்நாளில் எழுத்தறியாப் பாட்டியர்க்கும் வாய்த்திருந்தது.

1990களில் கேபிள் வந்தது; கம்பங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. இலக்கமுறை ஒளிபரப்பில் காட்சி முழுமையாய்த் தெரியும். அலை குன்றினால் கட்டங்களாய் உடைந்து, பின் அறவே மறையும். 2022க்குள் தூர்தர்ஷனின் பெரும்பாலான பழைய தரைவழி ஒளிபரப்புகளும் நிறுத்தப்பட்டன. தெளிவு வந்தது நன்றே. மங்கலான படத்தைப் பார்த்துக் கண் வலித்தவர்கள் நாம். அதற்காக ஏங்கவில்லை.

நாம் கவலையுறுவது வேறொன்று குறித்து. கம்பங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எத்தெருவில் எத்திசையில் திருப்பினால் நிழல் நீங்கும் என்றறிந்த பழுதுநீக்குநர்கள் முதுமை எய்திவிட்டனர். ஆண்டாள் கோயில் கோபுரத்திற்கு வரலாறு எழுதப் பலர் உளர். அதன் நிழலில் வாழ்ந்தோர் மாடியேறிக் கற்ற அறிவை எழுதுவார் இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவைப்பது நம் கடன்.